ஏழாவது ஊதல்

எங்கள் மருத்துவமனையின் திண்டிவனம் கிளைக்குப் புதிதாக வந்திருக்கும் மூச்சளக்கும் இயந்திரம் தவறான ஊதலை ஏற்பதில்லை. திரையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறியைப் போட்டு, என்ன தவறு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. ஆரம்பம் தாமதம் என்கிறது. இருமினார் என்கிறது. நடுவில் மூச்சு இழுத்தார் என்கிறது. அப்படிக் குறி விழுந்த ஊதலை நல்ல ஊதல் என்று அச்சடிக்க யாராலும் முடியாது. சென்ற வாரம் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சந்தோஷம் வந்ததா, பயம் வந்ததா என்று இன்னும் தெரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும்.

நான் முப்பத்திரண்டு வருடம் மனிதர்களை ஊத வைத்துச் சம்பளம் வாங்கியவன். விழுப்புரத்தில் ஒரு தனியார் நெஞ்சு நோய் மருத்துவமனை, திண்டிவனத்தில் அதன் கிளை. வாரத்தில் நான்கு நாள் விழுப்புரத்தில், இரண்டு நாள் திண்டிவனத்தில். ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. திண்டிவனத்தில் இப்போது அந்த வேலையைப் பார்ப்பவள் பர்வீன், கோட்டக்குப்பத்துப் பெண். "சார், புதுசா ரெண்டு பேரு சேந்திருக்காங்க. ஒரு நாள் வந்து உங்க அனுபவத்த சொல்லுங்க சார். அப்பிடியே எழுதியும் குடுத்துடுங்க, நாங்க வெச்சிக்கிறோம்" என்று போனில் கேட்டாள். போனேன், சொன்னேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தேன். பிறகு சென்னையில் மூன்று மாதப் பயிற்சி. அங்கே கற்றதில் இன்றும் நினைவிருப்பது ஒன்றுதான். நுரையீரல் நிறைய இழந்த பிறகுதான் மனிதனுக்கு மூச்சு வாங்கும். அதுவரை அவன் மாடி ஏறுவான், மூட்டை தூக்குவான், எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்வான். இழக்கத் தொடங்கும்போதே அதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அவனை முழு மூச்சு இழுக்கச் சொல்லி, ஒரே வீச்சில் ஊதச் சொல்லி, எவ்வளவு காற்று வந்தது, முதல் நொடியில் எவ்வளவு வந்தது என்று அளக்க வேண்டும். அவ்வளவுதான் என் தொழில்.

மற்றதையெல்லாம் விழுப்புரத்தில் பெரிய டாக்டரிடம் கற்றேன். எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்றே சொன்னோம். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த மல்லாட்டை வைத்திருப்பார்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. காலையில் அவர் வருவதற்குள் மூன்று லிட்டர் காற்று பிடிக்கும் குழலை இயந்திரத்தில் பொருத்தித் தள்ளி, அது மூன்று லிட்டர் என்றே காட்டுகிறதா என்று நான் பார்த்திருக்க வேண்டும். வந்ததும் முதல் கேள்வி அதுதான். "மிஷினு இன்னிக்கி உண்மை பேசுதாப்பா?"

நோயாளியின் உயரத்தை அவரே அளப்பார். செருப்பைக் கழற்றச் சொல்லி, குதிகாலைச் சுவரோடு ஒட்ட வைத்து, தலைமேல் அட்டையை வைத்துக் கோடு போடுவார். இத்தனை வயது, இத்தனை உயரம் உள்ளவருக்கு இவ்வளவு காற்று வர வேண்டும் என்ற கணக்கில் உயரம் தப்பினால் எல்லாமே தப்பும். "இந்த ஊரு ஆம்பளைங்க வயச கூட சரியா சொல்லிடுவானுங்க. உயரத்த மட்டும் சொல்ல மாட்டானுங்க" என்பார்.

நான் கொண்டுபோய்க் கொடுக்கும் தாளில் எண்கள் மேலே இருக்கும், படம் கீழே இருக்கும். அவர் வாங்கியதும் இடது உள்ளங்கையை எண்களின் மேல் வைத்து மூடிக்கொள்வார். "நம்பரு எங்கயும் ஓடிடாது. மொதல்ல படத்த பாக்கலாம்." நல்ல ஊதலின் படம் செங்குத்தாக ஏறி, வளைந்து, பிறகு மேசைபோலத் தட்டையாக ஓடும். அதில் ஒரு குறை இருந்தாலும் தாள் என்னிடம் திரும்பி வரும்.

சேர்ந்த முதல் வாரத்தில் என்னையே நாற்காலியில் உட்கார வைத்தார். மூக்கில் கவ்வியைப் போட்டு மூன்று முறை ஊத வைத்தார். பிறகு கவ்வியைக் கழற்றச் சொன்னார்.

"இப்ப ஊது. முடியப்போற நேரத்துல மூக்கால நைசா ஒரு வாய் காத்து இழு. வாய எடுக்காத. மறுபடி ஊது."

ஊதினேன். தட்டையாக ஓடிய கோடு திடீரென்று ஏறி, மறுபடி தட்டையானது.

"பாத்தியா? படிக்கட்டு. இல்லாத காத்து இருக்கற மாதிரி கணக்குல வந்துடும். ஒரு நாள் எவனாவது உன்கிட்ட இத செய்வான். செய்யறவன திட்டாத. ஆனா அந்தப் படத்த மட்டும் எங்கிட்ட கொண்டாராத."

சொல்லிவிட்டு நான்கு மல்லாட்டையை என் கையில் வைத்தார். ஆகவே அந்தப் படி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

சில வருடங்களில் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஊத முடியாது என்று மற்றவர்கள் கைவிட்டவர்களையும் நான் ஊத வைத்துவிடுவேன். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்த ஒரு கிழவர் குழாயைப் பார்த்தாலே சிரித்துவிடுவார். அவரையும் ஊத வைத்தேன். பக்கத்தில் நின்று, "ஊது ஊது ஊது" என்று கத்தி, அவர்கள் தளரும்போது குரலை இன்னும் ஏற்றி, "உடாத உடாத உடாத" என்று கத்துவேன். தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும். 'உடாத சார்' என்றுதான் இரண்டு ஊரிலும் என்னைச் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. இப்போது யோசித்தால் எல்லாம் அந்தப் பெருமையில்தான் தொடங்கியதோ என்று தோன்றுகிறது. ஆனால் இதுவும் நிச்சயமில்லை.

திண்டிவனத்தை அடுத்த ஒரு கல் குவாரியில் வருடத்துக்கு ஒருமுறை எங்கள் மருத்துவமனை முகாம் நடத்தும். குவாரிக்காரர்களுக்கு ஒரு சான்றிதழ் தேவை, அதற்காக. எடை மேடையை ஒட்டிய அறையில் மேசை போட்டு, ஜெனரேட்டரில் இயந்திரத்தை ஓட்டுவோம். ஊதலில் எதிர்பார்த்த காற்றில் எண்பது சதவீதம் வந்துவிட்டால் தேர்ச்சி. அதற்குக் கீழே போனால் விழுப்புரத்துக்கு வந்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரேவுக்கு அனுப்பப்பட்டவர்களைக் குவாரியில் மறுபடி கூப்பிடுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எழுதிவைத்த விதி இல்லை. கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

முகாமில் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். எங்களிடம் இருந்தது ஆறு மூக்குக் கவ்வி. நாற்பது பேர், எல்லார் மூக்கிலும் வியர்வை, கல்தூசி. கவ்வி வழுக்கி விழும். ஒவ்வொன்றாகக் கழுவி உலர்த்த நேரமில்லை. அதனால், "உங்க மூக்க நீங்களே ரெண்டு விரலால புடிச்சிக்குங்க" என்று சொல்லிவிடுவேன். மற்ற இடங்களிலும் அப்படிச் செய்வார்கள். விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் குற்றமில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அய்யனாரை நான் அங்கே மூன்று வருடம் பார்த்தேன். பாறையில் துளைபோடும் டிரில்லில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். நரம்பும் எலும்புமாக உறுதியான உடம்பு, பீடி கிடையாது. முதல் வருடம் தொண்ணூற்று நான்கு. இரண்டாம் வருடம் எண்பத்தெட்டு. இரண்டுக்கும் 'சரி' என்று எழுதினோம். இரண்டு தாளும் எங்கள் வேனில், ஒரே கோப்பில்தான் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரே வருடத்தில் அந்த வயதுக்காரன் இவ்வளவு இழக்கக் கூடாது என்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். நாங்கள் வைத்துப் பார்க்கவில்லை. தேர்ச்சி பெற்றவனின் பழைய தாளை எடுத்துப் பார்க்கும் பழக்கமே எங்களிடம் இல்லை.

மூன்றாம் வருடம் வரிசையில் இருபதாவதோ இருபத்தொன்றாவதோ ஆளாக வந்தார். முதல் ஊதல் எழுபத்தாறு. இரண்டாவதும் அதேதான். மூன்றாவதும் அதேதான்.

"இன்னாடா அய்யனாரு, பலூனு ஊதற மாரி ஊதற?" என்று வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"இரு மாமா, இப்பதான் சூடேறுது" என்றார் அய்யனார்.

"சூடேறி நீ ஊதறதுக்குள்ள மிஷினு துருப்புடிச்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். அய்யனாரும் சிரித்தார். வாசலில் நின்ற குவாரி மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "ஜல்தி சார், லோடு நிக்குது. எல்லாம் பாஸ்தானே?" என்றார்.

இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று ஊதல்கள் ஒன்றையொன்று ஒத்துப்போனால் சோதனை முடிந்தது. ஒழுங்காக ஊதாதவனுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். ஒரே மாதிரி வந்தால் அதுதான் அவன் நுரையீரல். இதை நூறு பேருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்று, 'இவன் சரியாக ஊதவில்லை, நான் ஊத வைக்கிறேன்' என்று எனக்குத் தோன்றியது. அல்லது அப்படித் தோன்றியதாக நான் வைத்துக்கொண்டேன். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. தொண்டை கிழியக் கத்தினேன். எழுபத்தாறு, எழுபத்தைந்து, எழுபத்தாறு. அய்யனாரின் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"இன்னொரு வாட்டி ஊதறேன் சார்" என்றார். கெஞ்சவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஏழாவது ஊதல். முழு மூச்சு இழுத்து ஊதினார். கோடு ஏறியது, வளைந்தது, தட்டையானது. "உடாத உடாத" என்று கத்திக்கொண்டிருந்தேன். நான்காவது நொடி இருக்கும். மூக்கைப் பிடித்திருந்த இரண்டு விரலும் ஒரு கணம் தளர்ந்தன. மார்பு லேசாக எழும்பியது. விரல்கள் மறுபடி இறுகின. திரையில் கோடு ஒரு படி ஏறித் தட்டையானது.

எண்பத்து நான்கு.

"பேஷா ஊதின" என்றேன்.

பழைய இயந்திரத்தில் எந்த ஊதலை அச்சடிப்பது என்பதை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏழாவதைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்து படத்தோடு அச்சடிப்பதா, எண்களை மட்டுமா என்று கேட்கும். காகித உருளை தீர்ந்துபோகும் நிலையில்தான் எண்களை மட்டும் அச்சடிப்போம். உருளையில் இன்னும் பாதிக்குமேல் இருந்தது. நான் எண்களை மட்டும் அச்சடித்தேன். அவருக்குப் பின்னால் வந்த எல்லோருக்கும் அப்படியே அச்சடித்தேன். ஒருவருக்கு மட்டும் படம் இல்லையென்றால் கேள்வி வருமே.

மாலை பெரிய டாக்டர் வேனில் உட்கார்ந்து தாள் கட்டைப் பிரித்தார். பாதிக்கு மேல் வந்ததும் நிறுத்தினார்.

"படம் எங்கப்பா?"

"ரோல் தீரப்போவுது சார். அதான் மிச்சம் பண்ணேன்."

டாக்டர் பழக்கத்தில் உள்ளங்கையை எண்களின் மேல் வைத்தார். கீழே பார்க்க ஒன்றுமில்லை, வெறும் தாள். கையை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருக்குச் சந்தேகம் வந்ததா, அலுப்பாக இருந்தாரா, என்னை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. மூன்று வருடம் கழித்து அவர் இறந்துபோகும்வரை நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஏன் செய்தேன்? இதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். இரக்கம் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டேன். ஒரு மனிதனின் வேலை போகாமல் காப்பாற்றினேன் என்றுகூட ஓரிரு தடவை மனதுக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் இரக்கம் என்றால் அதற்கு முன் எக்ஸ்ரேவுக்கு அனுப்பியவர்களிடம் ஏன் அது வரவில்லை? மேலாளர் மேல் பயமா? அவர் எனக்கு யார்? ஏழு தடவை கத்தியும் உடாத சாரால் ஒருவனை ஊத வைக்க முடியவில்லை என்று நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களே, அதுவா? வெயிலா? பசியா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விடை சரியென்று தோன்றுகிறது. அடுத்த வருடம் குவாரிக்காரர்கள் முகாமை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அய்யனாரை மறந்தேன் என்று சொல்ல முடியாது. நினைக்கவில்லை என்று சொல்லலாம்.

சென்ற வாரம் திண்டிவனத்தில் புதியவர்கள் இருவருக்கும் நான் பேசிக்கொண்டிருந்தபோது பர்வீன் ஒரு நோயாளியை உள்ளே அழைத்தாள். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். தோள்கள் காதுவரை தூக்கியிருந்தன. அப்படித் தூக்கினால்தான் அவருக்கு மூச்சு வந்தது. நான் யாரென்று பார்க்கவில்லை. அவர்தான் என் குரலைக் கேட்டுத் திரும்பினார்.

"சார்! உடாத சார்!"

எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நாந்தான் சார். குவாரி. டிரில்லு. அய்யனாரு."

பர்வீன் அவர் மூக்கில் கவ்வியை மாட்டினாள். மூன்று ஊதல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் இளைப்பாறினார். நான் கத்தவில்லை. பர்வீனும் கத்தவில்லை. "அவ்ளோதாண்ணா. முடிஞ்சிதுண்ணா. போதும்" என்று மெல்லச் சொன்னாள். முப்பத்தொன்பது.

டாக்டருக்காக வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அய்யனார் பக்கத்தில் உட்காரச் சொல்லி என் கையைப் பிடித்தார். கதையைச் சொன்னார். மூன்றாம் முகாமுக்குப் பிறகு இன்னும் நான்கு வருடம் டிரில்லில் நின்றாராம். இருமல் வந்து, காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை. அப்புறம் புதுச்சேரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, மருந்தில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

"சார், உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்னு ரொம்ப நாளா இருக்கேன். நான் உங்கள ஏமாத்திட்டேன்."

"என்ன ஏமாத்துனீங்க?" என்றேன். குவாரியில் நீ என்றுதான் சொல்வேன். அன்று நீங்க என்று வந்துவிட்டது.

"அந்தக் கடசி வாட்டி ஊதனன் பாருங்க, அப்ப மூக்க கொஞ்சம் லூசா உட்டு ஒரு வாயி காத்து இழுத்துக்கினேன். எங்க மேஸ்திரிதான் சொல்லிக்குடுத்தாரு. நீங்க எவ்ளோ கத்தினீங்க, எனக்காவ! பேஷா ஊதினன்னு சொன்னீங்க. எனக்கு வாய தெறந்து சொல்ல முடியல சார். அத மட்டும் நான் செய்யாம இருந்தா, எக்ஸ்ரேவுக்கு அனுப்பியிருப்பீங்க. அப்பவே தெரிஞ்சிருக்கும். எல்லாம் என் கைதான் சார். இந்த ரெண்டு வெரலுதான்."

விரல்களைக் காட்டினார். அவர் மனைவி அஞ்சலை அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். "இதே பாட்டுதான் சார் ஊட்டுல. திட்டாத நாளு இல்ல நானு. ஊத தெரியாதவன் ஊதாம இருந்திருக்கணும், திருட்டு ஊதல் ஊதிட்டு வந்து எங்கள நடுத்தெருவுல நிறுத்திட்டாரு" என்றார்.

அய்யனார் பையைத் துழாவி ஒரு தகடுபோன்ற பொருளை எடுத்தார். பிளாஸ்டிக் உறையிட்ட தாள். முழுக்கக் கறுப்பு.

"கடசி வருசம் எனக்குன்னு ஒரு சீட்டு அடிச்சிக் குடுத்தீங்களே, அது சார். பத்தரமா இருக்கட்டும்னு லேமினேசன் கடையில குடுத்தேன். சூட்டுல உட்டு எடுத்தாரு, கன்னங்கரேல்னு ஆயிடிச்சி. கடக்காரரு பேஜாராயிட்டாரு பாவம், காசே வாங்கல."

எங்கள் தாள் சூட்டில் எழுத்து விழும் வகை. முழுவதும் சூடுபட்டால் முழுவதும் எழுத்துதான். அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்பத்து நான்கு எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

பர்வீன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "சார், அப்ப அந்தப் பழைய மிஷின்ல படி தெரியாதா?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் புதியவர்கள் இருவரும் நின்றார்கள்.

"பழைய மிஷினும்மா. அவ்வளவு தெரியாது" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. அய்யனார் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் விழுப்புரத்தில் இப்போதிருக்கும் இளைய டாக்டரிடம் போனேன். யாரையோ பற்றிக் கேட்பதுபோல, நான்கு வருடம் முன்னதாகத் தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது சார். தூசிய விட்டு வெளிய வந்தப்பறமும் சில பேருக்கு நோய் ஓடிக்கிட்டே இருக்கும். சில பேருக்கு அதே எடத்துல நின்னுடும். நாலு வருஷத் தூசி குறைஞ்சிருந்தா நல்லதுதான், ஆனா எவ்வளவு நல்லதுன்னு யாரும் சொல்ல முடியாது" என்றார். நான் கெடுத்தது எவ்வளவு என்று ஓர் அளவு கிடைக்கும் என நினைத்துப் போனேன். வாழ்நாளெல்லாம் அளந்தவனுக்கு இதை அளக்க முடியாது என்று பதில் வந்தது. என் வீட்டில் சொன்னேன். "அவரே தன் தப்புன்னு சொல்றப்ப நீங்க ஏன் போய்க் கிளறணும்? அந்த மனுஷன் நிம்மதியா இருக்கட்டும்" என்றாள் மனைவி. அதுவும் சரியென்று பட்டது. ஆனால் அவர் நிம்மதியாக இல்லையே என்பதுதான் என் குழப்பம்.

நான்காம் நாள் பர்வீனிடம் முகவரி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் மாறி இறங்கி, ஒரு மைல் நடை. சிமெண்ட் ஓடு போட்ட வீடு. உள்ளே ஆக்சிஜன் இயந்திரம் ஓடும் சத்தம் வாசல்வரை கேட்டது. அஞ்சலை கூடை நிறைய மல்லாட்டை வைத்து உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டிலில் சாய்ந்திருந்த அய்யனாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சாரு ஊட்டுக்கே வந்துட்டாரு பாரு."

சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியவில்லை.

"அன்னைக்கு நீங்க விரலைத் தளர்த்தினத நான் பாத்தேன். மிஷின்லயும் தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் அந்த ஊதலை அச்சடிச்சேன். படம் டாக்டர் கண்ணுல படக்கூடாதுன்னு நம்பர மட்டும் அச்சடிச்சேன்."

அவர் மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கடசி வாட்டிதானே? ஏழாவது?"

"ஆமா."

"பாத்துட்டுத்தான் பேஷா ஊதினன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

அவர் கத்துவார், அழுவார், வெளியே போ என்பார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். எதற்கும் தயாராக இருந்தேன். அவர் நிமிர்ந்து உட்கார முயன்றார். கண்கள் பளிச்சென்று ஆகிவிட்டன.

"அஞ்சல, கேட்டியா? சாருக்குத் தெரியுமாம். நான் சார ஏமாத்தல. கேட்டியாடி? நான் ஏமாத்தல."

இதைச் சொல்வதற்குள் மூச்சு வாங்கியது. ஆனாலும் மறுபடி சொன்னார். தேர்ச்சி பெற்றவன்போலச் சிரித்தார். நான் அதைச் சொல்லப் போனது இதற்காக இல்லை. அவருடைய நுரையீரலுக்குப் பதில் சொல்லப் போனவனை அவர் நன்றி சொல்வதுபோல் பார்த்தால் நான் என்ன பதில் சொல்வேன்?

அஞ்சலை உரித்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப நான் இத்தினி வருசமா இவர இல்ல திட்டிக்கினு இருந்தேன்."

கையிலிருந்த தோலைக் கீழே உதிர்த்தார்.

"சோறு போடும்போது திட்டுவேன். மூச்சு முட்டி உக்காந்திருக்கும்போது கூட, நல்லா அனுபவின்னு திட்டுவேன். ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டாரு சார். தப்பு பண்ணவரு மாரி கேட்டுக்கினு இருப்பாரு." எழுந்து வந்து, நான் பாதி குடித்து வைத்திருந்த டீ கிளாசை எடுத்துக்கொண்டார். "அத இன்னா சார் பண்றது இப்ப? அந்தத் திட்ட எல்லாம் எங்க கொண்டுபோய் கொட்றது?"

"உடு அஞ்சல" என்றார் அய்யனார். "சாரு எனக்கு வேல போவக்கூடாதுன்னுதான் பண்ணாரு. இல்ல சார்?"

என்னையே பார்த்தார். அதே பார்வை. இன்னொரு வாட்டி ஊதறேன் என்று சொன்னபோது பார்த்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கும்.

"எனக்கே தெரியலீங்க" என்றேன். அதுதான் உண்மை.

கிளம்பும்போது அஞ்சலை சாமி படத்தருகிலிருந்து அந்தக் கறுப்புத் தாளை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "இத நீங்களே வெச்சிக்குங்க. எங்களுக்கு இனிமே இது இன்னாத்துக்கு?" வாங்கிக்கொண்டேன். உள்ளேயிருந்து அய்யனார் குரல் கொடுத்தார். "சார், வர்ற செவ்வாக்கெழம ஊதறதுக்கு வர சொல்லியிருக்காங்க. நீங்க இருப்பீங்களா?"

"அவரு இருக்க மாட்டாரு" என்றார் அஞ்சலை.

அது தகவலா, கட்டளையா என்று எனக்குப் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை நாளை மறுநாள். போக வேண்டுமா, போகாமலிருப்பதுதான் அந்த அம்மாளுக்கு நான் செய்யக்கூடியதா என்று இதை எழுதும்போதும் முடிவு செய்யவில்லை. அனுபவத்தை எழுதிக்கொடுங்கள் என்று கேட்டவர்களுக்கு இவ்வளவு தெளிவில்லாத ஒன்றைக் கொடுக்கிறேன். ஒன்றே ஒன்றில் மட்டும் எனக்குக் குழப்பமில்லை, அதையாவது நேராக எழுதிவிடுகிறேன்.

பர்வீன், அன்று வாசற்படியில் நின்று நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். புதியவர்கள் இருவரிடமும் சொல்லிவிடு. பழைய மிஷினில் படி தெரியும். நன்றாகத் தெரியும்.